தழும்பு கவசமான கதை

1995 டிசம்பர் 9-ஆம் தேதி ஜப்பானியத் திரையரங்குகளில் காட்ஸில்லா செத்துப்போனது. இதயம் இருக்க வேண்டிய இடத்திலிருந்த அணு உலை கட்டுமீறிப்போய், தன் சூட்டில் தானே உருகி, டோக்கியோவில் கரைந்தது. 1954-லிருந்து அந்த நகரத்தை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்த மிருகம் அது. சரியாக எண்பது நாள் கழித்து, 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி, நின்டெண்டோ கம்பெனி தன் 'கேம் பாய்' என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டிக்காகப் புது விளையாட்டு ஒன்றை சிவப்பு, பச்சை என்று இரண்டு வடிவங்களில் கடைக்கு அனுப்பியது. பெயர் 'பாக்கெட் மான்ஸ்டர்'. சுருக்கமாகப் போக்கிமான். உள்ளே 151 மிருகங்கள். பிடிக்கலாம், பந்துக்குள் அடைக்கலாம், வளர்க்கலாம், அடுத்தவனுடையதோடு மோதவிடலாம், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம். ஒரு மிருகம் திரையில் செத்ததற்கும் 151 மிருகங்கள் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்ததற்கும் இடையே யாரும் திட்டமிட்ட தொடர்பு கிடையாது. ஆனால் வரலாற்றை ஒரு பிரதியாக வாசிக்கிறவனுக்குத் திட்டம் அவ்வளவு முக்கியமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்ட இரண்டு தேதிகளே கேள்வி கேட்கப் போதும்.

கேள்வி இதுதான். ஒரு சமூகம் தன் தலையில் விழுந்த பேரழிவை ஒரு மிருகத்தின் உடம்பில் ஏற்றி வைத்தது. அந்த மிருகம் அடக்க முடியாததாக இருந்தது. அடக்க முடியாமையே அதன் அர்த்தமாகவும் இருந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்குள் அதே சாயல் கொண்ட உடம்பு எண் போட்ட, எடை பார்த்த, கைக்கு அடங்கிய உடைமையாக மாறியது எப்படி? அப்படி மாறும்போது எது உதிர்ந்துபோனது?

இதைப் பார்க்கப் போக்கிமான்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வரிசையில் 248-ஆவது. ஆங்கிலப் பெயர் டைரனிடார், ஜப்பானியப் பெயர் பங்கிராஸ். 1999 நவம்பர் 21-ல் வந்த 'தங்கம்', 'வெள்ளி' என்ற இரண்டாம் தொகுதி விளையாட்டுகளில்தான் முதன்முதலாகத் தலைகாட்டியது. பாசி படிந்த பாறையின் நிறம், நிமிர்ந்த நடை, தடித்த வால், முதுகில் முட்கள், உடம்பு முழுக்கத் தகடு தகடாகக் கவசம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓர் இனப்பெயர் உண்டு. இதற்குக் 'கவசப் போக்கிமான்' என்று பெயர். ஜப்பானியத்தில் 'யோரோய்': சாமுராய் சண்டைக்குப் போகும்போது மாட்டிக்கொண்ட அதே கவசத்துக்கான சொல்.

குழந்தைகள் சமாச்சாரத்துக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். வெகுசனக் கலாச்சாரம் என்றால் நமக்கு சினிமா, மிஞ்சினால் தொடர்கதை. அதற்கு மேல் நாம் போனதில்லை. ஒரு தகவலை மட்டும் அவர்கள் முன் வைக்கிறேன். போக்கிமானை உருவாக்கிய 'கேம் ஃப்ரீக்' என்பது கம்பெனி ஆவதற்கு முன் ஒரு சிறுபத்திரிகையின் பெயர். 1983-ல் சதோஷி தஜிரி என்ற இளைஞர் கையால் எழுதி, பிரதியெடுத்து, ஸ்டேப்ளர் அடித்து விற்ற தாள்கள் அவை. அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டுப் படம் போட்டுத்தர வந்து சேர்ந்தவர்தான் கென் சுகிமோரி. பின்னாளில் மிருகங்களுக்கு உருவம் தந்தவர்களில் முக்கியமானவர். 1989-ல் அதே பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கடனாளியாகத்தான் சாக வேண்டும் என்று விதியில்லை போலிருக்கிறது.

இனி 1954-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் மார்ச் 1-ஆம் தேதி பசிபிக்கில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதனை செய்தது. யாய்சு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழை மாதிரி விழுந்தது. படகில் 23 பேர். செப்டம்பர் 23-ல் அந்தப் படகின் வானொலி இயக்குநர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நவம்பர் 3-ல் 'கோஜிரா' படம் வெளிவந்தது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எய்ஜி த்சுபுராயா. படத்தின் தொடக்கத்தில் கடலில் ஒரு படகு எரிந்து முழுகுகிறது. பார்த்தவர்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்திருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அணுகுண்டு மனித உடம்புக்குச் செய்ததைப் பற்றி எழுதுவதும் காட்டுவதும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. வாய் திறக்கக் கிடைத்து இரண்டரை வருஷமே ஆகியிருந்த ஒரு சமூகம் முதலில் பேசிய பேச்சுகளில் ஒன்று ஒரு மிருகத்தின் உறுமல்.

அந்த மிருகத்தின் தோலைக் கவனிக்க வேண்டும். டைனோசர் வடிவம் என்றாலும் செதில் கிடையாது. சொரசொரவென்று, தடித்து, முறுக்கேறி இருக்கும். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் உடம்பில் தீக்காயம் ஆறிய இடங்களில் தடித்துப்போன தழும்புகளை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்பது அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அதாவது, அழிக்க வந்த மிருகமும் அழிவுக்கு ஆளான உடம்புதான். குண்டு அதையும் சுட்டிருக்கிறது. கொல்கிறவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே தோலுக்குள் வைத்துத் தைத்ததுதான் 1954-ல் நடந்த பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. இந்த இரட்டைத்தன்மையால்தான் பார்வையாளருக்கு அதன் மேல் பயமும் வருகிறது, அது சாகும்போது தொண்டையும் அடைக்கிறது.

தோலுக்குள் ஓர் ஆள் இருந்தார். ஹருவோ நகஜிமா. முதலில் செய்த உடை நூறு கிலோ அளவுக்குக் கனத்தது; அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாமல் வேறொன்று செய்தார்கள். அதுவும் கனம்தான். உயேனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படிக் காலை எடுத்து வைக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து, விளக்குச் சூட்டில் வேர்த்து விறுவிறுத்து, சிறிய அளவில் செய்த டோக்கியோவை மிதித்தார். திரையில் நாம் பார்க்கும் அந்தத் தள்ளாட்டம் நடிப்பு மட்டுமல்ல, மூச்சு முட்டிய ஒரு தொழிலாளியின் உடம்பு.

படத்துக்கு வெளியே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் குடும்பப் பெண்கள் வீடு வீடாகப் போய் ஹைட்ரஜன் குண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 1955 ஆகஸ்டுக்குள் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் கையெழுத்து சேர்ந்துவிட்டது. இதைத் தள்ளிவிட்டுக் காட்ஸில்லாவை வெறும் 'மனப்பதிவு', 'குறியீடு' என்று பேசுவது அழகியல்வாதம்.

*

கவசம் எப்போது வந்தது? அடுத்த வருஷமே. 1955 ஏப்ரலில் வந்த இரண்டாவது படத்தில் காட்ஸில்லாவுக்கு எதிரியாக ஒரு மிருகம் இறங்கியது. முதுகில் ஓடு, ஓடு நிறைய முள், நாலு காலில் நடை. பெயர் அங்கிராஸ். அங்கிராஸ், பங்கிராஸ் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 1999-ல் வந்த கவச மிருகத்தின் பெயர் எந்த வம்சத்திலிருந்து வருகிறது என்று காதுக்கே தெரியும். பெயரின் வாலைப் பிடித்துப் போனால் நாம் போய்ச் சேருமிடம் அந்த ஒசாகாச் சண்டைதான்.

அந்தச் சண்டையோடு மிருகத்தின் இலக்கணம் மாறிவிட்டது. முதல் படத்தில் மிருகத்துக்கு எதிரே நின்றவர்கள் மனிதர்கள். இரண்டாவதில் மிருகத்துக்கு எதிரே மிருகம். மனிதர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், யார் ஜெயிப்பார் என்று. தழும்புக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கவசம் வந்து நிற்கிறது. தழும்பு ஏற்கெனவே நடந்ததன் சாட்சி. கவசம் இனிமேல் நடக்கப்போகும் சண்டைக்கான தயாரிப்பு. ஒன்று பின்னால் பார்க்கிறது, மற்றது முன்னால். படையே வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த நாடு 1954 ஜூலை 1-ஆம் தேதி 'தற்காப்புப் படை' என்ற பெயரில் ஒரு படையை ஏற்படுத்திக்கொண்டது என்பதை இங்கே ஞாபகப்படுத்தலாம். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் 'தற்காப்பு' என்ற சொல்லாடல் அந்தக் காற்றில் இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுபதுகளின் நடுவிலிருந்து காட்ஸில்லா ஜப்பானைக் காப்பாற்றுகிற மிருகமாகி, எழுபதுகளில் சிறுவர்களின் கதாநாயகனாகிவிட்டது. த்சுபுராயா தொலைக்காட்சிக்குப் போனார். 1966-ல் 'அல்ட்ராமேன்'. வாராவாரம் ஒரு மிருகம் வரும், வாராவாரம் சாகும். 1967-ல் 'அல்ட்ரா செவன்'. அதில் நாயகன் சின்னக் குப்பிகளுக்குள் மிருகங்களை அடைத்து வைத்திருப்பான். தேவைப்படும்போது வீசினால் அவை வெளிவந்து அவனுக்காகச் சண்டை போடும். பேரழிவு முதன்முதலாக ஒருவன் கையில் ஆயுதமாக, அதுவும் குப்பிக்குள், வந்துவிட்டது. 1965-ல் பிறந்த தஜிரி இந்தத் தொலைக்காட்சியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அவர் முதலில் தன் விளையாட்டுக்கு வைத்திருந்த பெயர் 'கேப்சூல் மான்ஸ்டர்'.

தஜிரியிடம் இன்னொரு ஊற்றும் இருந்தது. டோக்கியோவுக்கு மேற்கே மச்சிதாவில் வளர்ந்தவர். வயலும் குட்டையும் தோப்புமாக இருந்த இடம். பையன் வண்டு பிடிப்பதில் பைத்தியம். அவர் வளர வளர அந்த நிலத்தின் மேல் குடியிருப்புகளும் சாலைகளும் ஏறின. மீன் பிடித்த குட்டை இருந்த இடத்தில் விளையாட்டு எந்திரங்கள் வைத்த அரங்கு வந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பூச்சி போன இடத்துக்கு எந்திரம் வந்தது. எந்திரத்துக்குள் மறுபடி பூச்சியைக் கொண்டுபோய் விட்டார். இரண்டு கேம் பாய் பெட்டிகளை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது அதன் வழியாகப் பூச்சிகள் ஊர்ந்து போவதாகத் தோன்றியதிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்பது பிரசித்தம். இழந்த நிலத்துக்கான ஏக்கம் இதில் உண்மையாகவே இருக்கிறது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஏக்கம் எடுத்த வடிவம் சேகரிப்பு. பூச்சி சேகரிக்கிறவன் என்ன செய்கிறான்? பிடிக்கிறான், ஊசி குத்துகிறான், அடியில் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டுகிறான். போக்கிமான் விளையாட்டில் பையன் கையில் ஆரம்பத்திலேயே கொடுக்கப்படுவதும் ஒரு பதிவேடு. மிருகத்தைப் பிடித்தால்தான் அதைப் பற்றிய பத்தி அதில் திறக்கும். அறிவதும் அடைத்து வைப்பதும் ஒரே செயல்.

ஆக இரண்டு ஓடைகள். ஒன்று கைஜூ எனப்படும் ராட்சத மிருகப் படங்கள், மற்றது பூச்சிப் பெட்டி. இரண்டும் கலக்கிற இடத்தில் டைரனிடார் நிற்கிறது. அதன் வளர்ச்சிப் படிகளைப் பார்த்தால் புரியும். 246-ஆவது யோகிராஸ், குட்டி. 30-ஆம் நிலையில் 247-ஆவது சனாகிராஸாக மாறும். 'சனாகி' என்றால் கூட்டுப்புழு. 55-ஆம் நிலையில் கூடு உடைந்து கவச மிருகம் வெளிவரும். ஆங்கிலப் பெயர்களிலும் புழு, கூடு என்ற அர்த்தங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். காட்ஸில்லாவின் உடம்பு, வண்டின் வாழ்க்கை. இனப்பெயர்களையும் வரிசையாக வையுங்கள்: குட்டி 'பாறைத்தோல்', நடுவிலிருப்பது ஜப்பானிய மூலத்தில் 'துப்பாக்கிக் குண்டு', முடிவில் 'கவசம்'. தோல் குண்டாகி, குண்டு கவசமாகிறது. பூச்சியின் பருவங்களுக்கு ஆயுதக் கிடங்கின் பெயர்களைச் சூட்டியவர் யாரோ, அவருக்குத் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

பதிவேட்டுப் பத்திகள் சொல்வது இது. குட்டி மண்ணைத் தின்று வளரும். ஒரு மலை அளவு மண்ணைத் தின்று தீர்த்தால்தான் தூக்கத்தில் ஆழ்ந்து அடுத்த உருவம் எடுக்கும். வளர்ந்த டைரனிடாரை எந்தத் தாக்குதலும் காயப்படுத்தாது. யாரையும் பற்றிக் கவலைப்படாத திமிர் அதற்கு. 2000 டிசம்பரில் வந்த 'கிறிஸ்டல்' பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அது வெறிகொண்டு கிளம்பினால் மலைகள் சரியும், ஆறுகள் மூடிப்போகும், தேசப்படத்தையே புதிதாக வரைய வேண்டியிருக்கும். இந்த விளையாட்டின் களமான ஜோதோ, ஜப்பானின் கன்சாய் பகுதியை மாதிரியாகக் கொண்டது. 1995 ஜனவரி 17-ல் கோபே நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த பகுதி. படத்தைத் திருப்பி வரைவது என்றால் என்ன என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுவது வருகிறது. பத்தி இப்படிச் சொல்கிறதே தவிர, விளையாட்டுக்குள் எந்த மலையும் சரிவதில்லை. மலை சரிந்ததும் ஆறு மூடியதும் சொல்லில் மட்டும். நீங்கள் டைரனிடாரைக் கூட்டிக்கொண்டு எத்தனை ஊர் சுற்றினாலும், எத்தனை சண்டை போட்டாலும், திரையில் இருக்கும் தேசப்படத்தில் ஒரு புள்ளி நகராது. கடை அங்கேயே இருக்கும், ஆஸ்பத்திரி அங்கேயே இருக்கும், அந்தத் தாதி அதே புன்னகையோடு காயம் ஆற்றித் தருவாள். 1954-ன் மிருகம் 50 மீட்டர். அது ஒரு சொல்லும் பேசாமல் நகரத்தை அழித்தது. 1999-ன் மிருகம் சரியாக 2 மீட்டர், 202 கிலோ. அதைப் பற்றிச் சொற்கள் மலையைப் பெயர்க்கின்றன, அதுவோ உரிமையாளனுக்குப் பின்னால் பந்துக்குள் கிடக்கிறது. இரண்டு மீட்டர் ஏன்? பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கக்கூடிய அளவு அதுதான். 'எனது' என்று சொல்லக்கூடிய அளவு. பேரழிவு என்பது உடைமையின் விளம்பர வாசகமாகிவிட்டது என்று சொன்னால் கடுமையாக இருக்கும். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

நமக்கு இது புதிதில்லை. சங்கப் பாட்டில் மலையில் உறைகிற 'சூர்' உருவம் பிடிபடாத ஒரு அச்சம். தீண்டினால் வருத்தும், அவ்வளவுதான். புராணத்துக்கு வரும்போது அதற்குப் பெயர், குலம், நகரம், படை எல்லாம் கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகு வேல் பிளக்கிறது. ஒரு பாதி மயில், வாகனம், மறுபாதி சேவல், கொடி. பெயர் வைப்பதுதான் ஏறி உட்காருவதற்கு முதல் படி. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. முருகன் யாரிடமும் சூரனைப் பண்டமாற்று செய்யவில்லை.

*

கவசத்துக்குள் இப்போது என்ன இருக்கிறது? நகஜிமா இல்லை. ஆறு எண்கள் இருக்கின்றன. உயிர் 100, தாக்குதல் 134, தற்காப்பு 110, சிறப்புத் தாக்குதல் 95, சிறப்புத் தற்காப்பு 100, வேகம் 61. கூட்டினால் 600. மிருகம் என்பது இந்த ஆறும்தான், மற்றதெல்லாம் சித்திரம்.

இதை எனக்கு விளக்கியவன் என் அக்கா மகன். அவனுக்குப் பதினான்கு வயது, கவச மிருகத்தைப் பற்றி நான் ஏதோ பெரிதாகச் சொல்லப்போக, "அட போங்க மாமா, இதை அடிக்க ஒரு கராத்தேக்காரன் போதும். ஒரே குத்து, நாலு மடங்கு" என்றான். விசாரித்ததில் உண்மைதான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு மிருகமும் ஒன்றோ இரண்டோ 'வகை'யைச் சேர்ந்தது. டைரனிடார் பாறை வகை, கூடவே இன்னொரு வகை. அதற்கு ஜப்பானிய மூலத்தில் 'அகு', அதாவது 'தீமை' என்று பெயர். ஆங்கிலத்துக்குப் போகும்போது வெறும் 'இருள்' ஆகிவிட்டது. (மொழிபெயர்ப்பில் அறம் கழன்று நிறமாகிப்போனது. இதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) இரண்டு வகைக்கும் பொதுவான பலவீனம் கைச்சண்டை. எனவே ஆயுதமில்லாதவனின் குத்து இதன் மேல் நான்கு மடங்காக விழும். அது போக நீர், புல், நிலம், பூச்சி, எஃகு எல்லாம் இரண்டு மடங்கு. எந்த அடியும் படாத கவசம் என்று பதிவேடு சொன்ன மிருகத்துக்கு 1999-லேயே ஆறு பலவீனங்கள். 2013-ல் தேவதை வகை என்று ஒன்றைச் சேர்த்தார்கள், ஏழாகிவிட்டது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. சொல்லுக்கும் எண்ணுக்கும் இடையே விழுந்த இந்த விரிசலில் எதையோ கவனிக்க முடிகிறது. சந்தையில் ஓடுகிற விளையாட்டுக்கு யாரும் வெல்ல முடியாத மிருகம் ஒத்துவராது. எல்லாவற்றுக்கும் ஒரு எதிர்மருந்து இருந்தால்தான் அடுத்தடுத்துச் சேகரிக்க ஆள் வருவான். அந்த வணிகத் தேவையே கவசத்தைப் பொய்யாக்கி, வெறுங்கைக்கு வழிவிட்டுவிடுகிறது. கவசம் என்ற கருத்துருவத்தை உருவாக்கியவர்களே கட்டுடைத்துக் காட்டியிருக்கிறார்கள், அப்படிச் செய்கிறோம் என்று அறியாமல்.

இன்னொரு விரிசலும் உண்டு. 2002 நவம்பரில் வந்த மூன்றாம் தொகுதியில் மிருகங்களுக்கு ஆளுக்கொரு இயல்பைச் சேர்த்தார்கள். டைரனிடாருக்குக் கிடைத்தது மணல் கிளப்புவது. அது களத்தில் காலை வைத்ததும் மணற்புயல் எழும். பாறை, நிலம், எஃகு வகைகளைத் தவிர மற்ற எல்லோருடைய உயிரிலும் சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு அரிக்கும். எதிரி, தோழன் என்று பார்க்காது. இரண்டிரண்டாக நின்று மோதும் சண்டையில் பக்கத்தில் நிற்கும் துணையையும் அரிக்கும். டைரனிடார் விழுந்த பிறகும் புயல் நிற்காது. வேறு யாராவது வானிலையை மாற்றினால் ஒழிய சண்டை முடியும்வரை பெய்துகொண்டிருக்கும். பிகினியில் அந்த மீன்படகின் மேல் விழுந்த சாம்பலை நினைக்காமல் இதை என்னால் வாசிக்க முடியவில்லை. ஐம்பது வருஷமாக உதிர்த்துக்கொண்டே வந்த அர்த்தம், யாருடைய அனுமதியும் இல்லாமல், விளையாட்டு விதி ஒன்றின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அதையும் 2013-ல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தப் புயல் ஐந்து சுற்றுதான். ஆட்டத்தில் சமநிலை வேண்டும் என்பது காரணம். இருக்கட்டும், ஆனால் 2011 மார்ச்சில் புகுஷிமாவில் உலைகள் உருகி, ஊர்கள் காலியாகி, மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாட்டில், ஓயாத புழுதிக்குக் கெடு விதித்தது ஒரு விளையாட்டு.

தொலைக்காட்சித் தொடர் மட்டும் ஓரிடத்தில் வேறு மாதிரி யோசித்தது. 2002 வாக்கில் வந்த பகுதிகளில் நாயகப் பையன் குட்டியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளாமல், மலைக்குக் கொண்டுபோய் அதன் தாயிடம் சேர்த்துவிடுகிறான். தாய் ஒரு டைரனிடார். பிடிப்பதையே இலக்கணமாகக் கொண்ட கதையாடலுக்குள் திருப்பிக் கொடுப்பது அபூர்வம். விளையாட்டிலும் 'விடுவி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை அழுத்தினால் மிருகம் மலைக்குப் போகாது. பெட்டியிலிருந்து அழிந்துபோகும்.

1999-க்கு ஒருமுறை திரும்ப வேண்டும். 'தங்கம்', 'வெள்ளி' கடைக்கு வருவதற்கு ஏழு வாரம் முன்பு, செப்டம்பர் 30-ல், டோகாய்முரா என்ற ஊரில் அணு எரிபொருள் தயாரிக்கும் ஆலையில் விபத்து. வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக, கருவிகளின் வழியே மெல்லச் செலுத்த வேண்டிய யுரேனியக் கரைசலை வாளியில் எடுத்துத் தொட்டிக்குள் ஊற்றினார்கள். நீல ஒளி எழுந்தது. தொழிலாளிகள் இரண்டு பேர், ஒருவர் அந்த டிசம்பரிலும் மற்றவர் அடுத்த ஏப்ரலிலும், தோல் கழன்று மாதக்கணக்கில் கிடந்து செத்தார்கள். அந்த டிசம்பர் 11-ல்தான் செத்த காட்ஸில்லாவை எழுப்பிப் புதுப் படம் விட்டார்கள். ஜப்பானியப் பிள்ளைகள் கையில் அப்போது கவசம் போட்ட மிருகம் இருந்தது. வாளி தூக்கியவர்கள் மேல் கவசம் எதுவும் இல்லை.

2016 ஜூலை 22-ல் 'போக்கிமான் கோ' ஜப்பானுக்கு வந்தது. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிஜத் தெருவில் நடந்தால் மிருகங்கள் தெரியும். ஏழு நாள் கழித்து, 29-ஆம் தேதி, ஹிதேயாகி அன்னோவின் 'ஷின் கோஜிரா' வெளியானது. தோல் வெடித்துச் சிவந்த, 118.5 மீட்டர் உயர மிருகம். தழும்பு திரும்பி வந்திருந்தது. படம் முழுக்க அதிகாரிகள் கூட்டம் போட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். கடைசியில் மிருகம் சாகவில்லை. உறைந்துபோய் நகரத்தின் நடுவில் நிற்கிறது. எப்போது எழும் என்று தெரியாமல் அதன் கீழே வாழ வேண்டும்.

அதே நாட்களில் டோக்கியோ மின்சாரக் கம்பெனி, புகுஷிமா உலை வளாகத்துக்குள் சோதித்துப் பார்த்ததில் போக்கிமான்கள் தென்படுவதாகவும், உலைகள் இருக்கும் இடங்களில் அவற்றைத் தோன்றவிட வேண்டாம் என்றும் விளையாட்டுக் கம்பெனிக்குக் கோரிக்கை வைத்தது. ஊழியர்கள் வேலையிடத்தில் ஆடக் கூடாது என்று தடையும் போட்டது. ஹிரோஷிமா நகராட்சி, ஆகஸ்ட் 6-ஆம் தேதி அஞ்சலிக்கு முன்னால் அமைதி நினைவுப் பூங்காவிலிருந்து மிருகங்களை எடுத்துவிடச் சொன்னது. எடுத்தார்கள். 1954-ல் மிருகத்தைப் பெற்ற பெயர்களில் ஒன்று ஹிரோஷிமா. இப்போது இரண்டும் மிருகத்தைத் துரத்த வேண்டிய இடங்களாகிவிட்டன. அதுவும் மனு கொடுத்து, ஒரு கம்பெனியிடம்.

248-ஆம் எண் அந்த விளையாட்டுக்குள் வந்தது 2017 பிப்ரவரியில். அந்தக் கோடையில் 'ரெய்டு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு தெருமுனை குறிக்கப்படும். அங்கே டைரனிடார் எழுந்து நிற்கும், திரையில். தனியாளாக வீழ்த்துவது கடினம். அதிகபட்சம் இருபது பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், கூடி நின்று விரலால் தட்டுவார்கள். சுகினாமியில் பெண்கள் கையெழுத்துத் தாளோடு ஏறி இறங்கிய தெருக்களிலும் இப்படிக் கூட்டம் நின்றிருக்கும். மூன்று நிமிஷம் கணக்கு. அதற்குள் கவசம் விழுந்துவிட்டால் ஆளாளுக்குக் கொஞ்சம் வெள்ளைப் பந்துகள் கொடுப்பார்கள். அவரவர் டைரனிடாரை அவரவர் பிடித்துக்கொண்டு, கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, கலைந்து போவார்கள்.